பெய்டன் ரௌஸ்: ஒரு கோழிக்கட்டியும் மேற்கோள் கணக்கும்

பிரான்சிஸ் பெய்டன் ரௌஸ் (1879–1970) அமெரிக்க நோயியல் அறிஞர். கோழியில் தோன்றும் ஒருவகைப் புற்றுக்கட்டியை, உயிரணுக்கள் அறவே நீக்கப்பட்ட வடிநீரைக் கொண்டு ஒரு பறவையிலிருந்து இன்னொரு பறவைக்குத் தொற்றவைக்க முடியும் என்று 1911இல் காட்டியவர். வைரஸால் புற்றுநோய் வரக்கூடும் என்பதற்கு இன்று முதற்சான்றாகக் கூறப்படுவது இந்த ஆய்வே. இதற்கான நோபல் பரிசு அவருக்கு 1966இல் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 87. கட்டுரைக்கும் பரிசுக்கும் இடையே 55 ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஓர் அறிவியலாளரின் தகுதியை இன்று பல்கலைக்கழகங்களும் நிதிநல்கைக் குழுக்களும் பெரும்பாலும் இரண்டு எண்களால் அளக்கின்றன. ஒன்று, அவர் வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கை. மற்றொன்று, அக்கட்டுரைகளைப் பிறர் தம் கட்டுரைகளில் எத்தனை முறை மேற்கோளாக எடுத்தாண்டனர் என்ற எண்ணிக்கை. புற்றுநோய் உயிரியலில் இந்தக் கணக்கு எதைக் காட்டுகிறது, எதைக் காட்டத் தவறுகிறது என்பதை அறிய ரௌஸின் வெளியீட்டு வரலாற்றைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கோழியும் இரண்டு கட்டுரைகளும்

ரௌஸ் பால்டிமோர் நகரில் பிறந்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றபோது, பிணக்கூறாய்வு ஒன்றில் விரலில் காயம்பட்டுக் காசநோய்க்கு ஆளானார். படிப்பை நிறுத்திவிட்டு டெக்சாஸில் கால்நடைப் பண்ணையில் ஓராண்டு தங்கி உடல் தேறினார். 1905இல் மருத்துவப் பட்டம் பெற்றார். நோயாளிகளைப் பார்ப்பதைவிட நோயை ஆராய்வதே தமக்கு ஏற்றது என்று முடிவுசெய்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோயியல் கற்றார். 1909இல் நியூயார்க்கிலுள்ள ராக்பெல்லர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் சைமன் பிளெக்ஸ்னர், புற்றுநோய் ஆய்வகத்தின் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார்.

அதே ஆண்டில் மார்பில் பெரிய கட்டியுடன் ஒரு கோழி அந்த ஆய்வகத்துக்கு வந்துசேர்ந்தது. அது வரிவரியான இறகுகள் கொண்ட பிளிமத் ராக் இனத்தைச் சேர்ந்தது. கட்டி சார்கோமா எனப்படும் இணைப்புத்திசுப் புற்று. ரௌஸ் கட்டியிலிருந்து சிறு துண்டுகளை வெட்டி, அதே மந்தையைச் சேர்ந்த நெருங்கிய உறவுக் கோழிகளின் உடலில் பதித்தார். சிலவற்றில் கட்டி வளர்ந்தது. இதை 1910இல் 'செய்முறை மருத்துவ ஆய்விதழ்' வெளியிட்டது. எலிகளில் இதுபோன்ற பதியஞ்செய்தல் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததால் இதில் பெரிய வியப்பு எதுவும் இல்லை.

அடுத்த சோதனைதான் புதியது. கட்டியை மணலுடன் சேர்த்து அரைத்து, உப்புக் கரைசலில் கலக்கி, மையவிலக்கிப் பொறியில் சுழற்றித் தெளிவித்தார். தெளிந்த நீரை, பாக்டீரியாவையும் உயிரணுக்களையும் தடுத்துநிறுத்தும் பெர்க்கெஃபெல்டு வடிகட்டி வழியே செலுத்தினார். வடிந்த நீரில் ஓர் உயிரணுகூட இருக்க வழியில்லை. அதை நலமான கோழிகளுக்கு ஊசிமூலம் செலுத்தியபோது, அதே வகைக் கட்டி தோன்றியது. 1911இல் வெளிவந்த இரண்டாவது கட்டுரை இதைத்தான் கூறியது. 'வைரஸ்' என்ற சொல்லை அவர் அதன் தலைப்பில் வைக்கவில்லை. கட்டியின் உயிரணுக்களிலிருந்து பிரித்தெடுக்கத்தக்க ஒரு 'காரணி' என்று மட்டுமே எழுதினார்.

ஏற்கப்படாமை

அன்றைய புற்றுநோய் அறிஞர்கள் இதைப் பொய் என்று ஒதுக்கவில்லை; பொருட்படுத்தத் தேவையில்லை என்றே ஒதுக்கினர். புற்றுநோய் தொற்றுநோய் அல்ல என்பது அக்காலத்தில் பாடுபட்டு நிலைநாட்டப்பட்டிருந்த கருத்து. புற்றுக்கு ஒட்டுண்ணியைக் கண்டுவிட்டதாகச் சொன்ன பலருடைய கூற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொய்த்துப்போயிருந்தன. எனவே ரௌஸின் முடிவுக்கு மூன்று விடைகள் கிடைத்தன: வடிகட்டியில் எங்கோ விரிசல் இருந்து உயிரணு கசிந்திருக்கும்; அது புற்றே அல்ல, ஏதோ அழற்சிக் கட்டி; அல்லது பறவைக்கு நேர்வது பாலூட்டிக்கு நேராது. மூன்றாவது விடையை மறுப்பதுதான் கடினமாக இருந்தது. எலிக் கட்டிகளில் ரௌஸும் அதே முறையைச் செய்துபார்த்தார், எதுவும் கிடைக்கவில்லை.

டென்மார்க்கில் வில்ஹெல்ம் எல்லர்மன், ஒலுஃப் பாங் ஆகிய இருவரும் 1908இலேயே கோழியின் இரத்தப்புற்றை வடிநீரால் தொற்றவைத்திருந்தனர். ஆனால் இரத்தப்புற்றைப் புற்றுநோய் வகையாக அன்று பலரும் கருதாததால் அதுவும் எடுபடவில்லை.

ரௌஸ் உடனே விட்டுவிடவில்லை. ஜேம்ஸ் மர்பி முதலியோருடன் சேர்ந்து வேறு கோழிக்கட்டிகளையும் ஆராய்ந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணி உண்டு என்றும், அந்தந்தக் காரணி அந்தந்த வகைக் கட்டியையே தோற்றுவிக்கிறது என்றும் காட்டினார். ஆயினும் 1915 வாக்கில் கோழிகளை விட்டு விலகினார். புற்றுநோய் ஆய்வுக்கு அவர் திரும்பிவர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. 30ஆம் அகவையின் தொடக்கத்தில் இத்தகைய கண்டுபிடிப்பைச் செய்த ஒருவரின் இருபது ஆண்டுகள் அவை.

எடுத்தாளப்படாமல் எங்கும் பரவியவை

அந்த இடைவெளியில் அவர் செய்தவற்றையும் அவற்றுக்குச் சற்று முந்தையவற்றையும் மேற்கோள் கணக்கின் கண்ணோடு பார்ப்பது பயனுள்ளது.

1911–12இல் ரௌஸும் மர்பியும் கோழிக்கட்டியை, அடைகாக்கப்படும் முட்டையினுள் வளரும் கருவில் பதித்து வளர்த்தனர். முட்டையைச் சோதனைக்குழாய்போலப் பயன்படுத்தும் இம்முறையை 1931இல் அலைஸ் வுட்ரஃப், எர்னெஸ்ட் குட்பாஸ்சர் ஆகியோர் கோழியம்மை வைரஸை வளர்க்கக் கையாண்டனர். இன்ஃபுளுவென்சா தடுப்பூசிகளில் பெரும்பகுதி இன்றும் கோழிமுட்டையில்தான் உருவாகிறது.

1916இல் ரௌஸும் ஜோன்ஸ் என்ற உடனாய்வாளரும், திசுவிலிருந்து உயிரணுக்களைத் தனித்தனியாகப் பிரிக்க டிரிப்சின் என்ற செரிமான நொதியைப் பயன்படுத்தலாம் என்று எழுதினர. உயிரணு வளர்ப்பு நடக்கும் ஆய்வகம் எதுவாயினும், தட்டில் ஒட்டி வளரும் உயிரணுக்களைப் பெயர்த்தெடுக்க இன்றும் டிரிப்சின் ஊற்றுவது அன்றாட வேலை. அதைச் செய்யும் முனைவர்பட்ட மாணவர் ரௌஸின் பெயரைத் தம் ஆய்வேட்டில் குறிப்பிடுவதில்லை. குறிப்பிட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. சமூகவியலாளர் இராபர்ட் மெர்ட்டன் இந்நிலைக்கு ஒரு பெயர் தந்தார்: அறிவில் முழுமையாகக் கரைந்துபோவதால் மூலம் மறைந்துபோதல். மேற்கோள் எண்ணிக்கை சுழியாவது சில வேளைகளில் தோல்வியின் அடையாளமாகவும், சில வேளைகளில் முழு வெற்றியின் அடையாளமாகவும் அமைகிறது. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

அதே 1916இல் ரௌஸும் டர்னரும், சிட்ரேட்டும் குளுக்கோஸும் கலந்த கரைசலில் இரத்தச் சிவப்பணுக்களைச் சில வாரங்கள் கெடாமல் வைத்திருக்கும் முறையை வெளியிட்டனர். ரௌஸின் ஆய்வகத்தில் பணியாற்றியிருந்த ஆஸ்வால்ட் ராபர்ட்சன் 1917இல் முதல் உலகப் போரின் மேற்குமுனைக்குச் சென்றார். அக்கரைசலில் இரத்தத்தை முன்கூட்டியே சேமித்து, பனிக்கட்டிப் பெட்டிகளில் வைத்து, காயமடைந்த வீரர்களுக்குச் செலுத்தினார். உலகின் முதல் இரத்த வங்கி என்று பலர் குறிப்பிடுவது இதையே. பிழைத்த வீரர்கள் எந்த மேற்கோள் பட்டியலிலும் இடம்பெற மாட்டார்கள்.

முயல்களும் முதலாசிரியர் சிக்கலும்

1933இல் ராக்பெல்லர் நிறுவனத்தின் பிரின்ஸ்டன் கிளையில் இருந்த ரிச்சர்ட் ஷோப், காட்டுமுயல்களின் தோலில் தோன்றும் கொம்புபோன்ற மருக்களுக்கு ஒரு வைரஸ் காரணம் என்று கண்டார். பாலூட்டியில் கட்டி உண்டாக்கும் வைரஸ் கிடைத்துவிட்டது. ஷோப் அதை மேலும் ஆராயும் வாய்ப்பைத் தம் நண்பர் ரௌஸுக்கே விட்டுக்கொடுத்தார். 1934 முதல் ரௌஸ் மீண்டும் புற்றுநோய் ஆய்வாளரானார். மருக்கள் காலப்போக்கில் உயிர்கொல்லும் புற்றாக மாறுவதை ஜோசப் பியர்டுடன் சேர்ந்து காட்டினார்.

இக்காலத்தின் முக்கியமான கருத்து வைரஸைப் பற்றியது அல்ல. முயலின் காதில் தார் பூசிப் புற்று உண்டாக்கும் சோதனைகளில், புற்று இரண்டு படிகளில் தோன்றுகிறது என்று ரௌஸும் உடனாய்வாளர்களும் கண்டனர். முதற்படியில் உயிரணுவில் மீளாத மாற்றம் ஒன்று தொடங்கிவைக்கப்படுகிறது. அது வெளியே தெரியாமல் உறங்கிக்கிடக்கும். பின்னர் காயமோ வேறொரு வேதிப்பொருளோ அதைத் தூண்டி வளர்க்கிறது. 'தொடக்கம்', 'ஊக்குவிப்பு' என்ற இவ்விரு சொற்களும் புற்றுநோய்ப் பாடநூல்களில் இன்றுவரை நிலைத்துவிட்டன. அவற்றைத் தலைப்பிலேயே தாங்கிய 1944ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதலாசிரியர் வில்லியம் ஃபிரீட்வால்டு. ரௌஸின் பெயர் இரண்டாவது. பிற்காலத்தில் அச்சான மேற்கோள் சுட்டியில் கட்டுரைகள் முதலாசிரியர் பெயரில்தான் வரிசைப்படுத்தப்பட்டன. அந்தத் தடித்த தொகுதிகளில் ரௌஸின் பெயரைத் தேடிச் சென்றவர் இக்கட்டுரையைக் காணாமலே திரும்பியிருப்பார்.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். ரௌஸ் 1920களின் தொடக்கத்திலிருந்து இறுதிக்காலம்வரை 'செய்முறை மருத்துவ ஆய்விதழின்' ஆசிரியர்களுள் ஒருவராக இருந்தார். அவருடைய ஆய்வுகளில் பெரும்பகுதி அதே இதழில்தான் வெளிவந்தது. இன்று ஒருவர் இப்படிச் செய்தால் கேள்வி எழும். அது அவருடைய நிறுவனமே நடத்திய இதழ் என்பதும், பிறருடைய கையெழுத்துப்படிகளை வரிவரியாகத் திருத்தி எழுதும் கண்டிப்பான ஆசிரியராக அவர் பெயர்பெற்றிருந்தார் என்பதும் சேர்த்தே எண்ணத்தக்கவை.

கைமாறிய கட்டி

ரௌஸின் 1911ஆம் ஆண்டுக் கட்டுரை அரைநூற்றாண்டு உறங்கிக் கிடந்தது என்று பொதுவாகக் கூறப்படுகிறது. வெளியான காலத்தில் கவனிக்கப்படாமல் நெடுங்காலம் கழித்துத் திடீரென எடுத்தாளப்படும் கட்டுரைகளை 'உறங்கும் அழகி' என்று நெதர்லாந்து ஆய்வாளர் அந்தோணி வான் ரான் 2004இல் அழைத்தார். ரௌஸின் கட்டுரைக்கு இப்பெயர் முழுதும் பொருந்தாது. கட்டுரை உறங்கியிருக்கலாம், கட்டி உறங்கவில்லை.

உலர்த்தினாலும் கிளிசரினில் இட்டாலும் ஆற்றல் கெடாத அந்தக் காரணி, ஆய்வகத்திலிருந்து ஆய்வகத்துக்குக் கோழிகள்மூலம் தொடர்ந்து கடத்தப்பட்டது. லண்டனில் வில்லியம் கை 1925இல் அதைக்கொண்டு ஆய்வு நடத்தினார். ராக்பெல்லர் நிறுவனத்திலேயே, மர்பியின் ஆய்வகத்தில் சேர்ந்த பெல்ஜியர் அல்பேர் குளோட் அந்தக் காரணியைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க முற்பட்டார். கட்டியை அரைத்து மிகு வேகத்தில் சுழற்றியபோது படிந்த நுண்துகள்கள், நலமான கோழியின் உயிரணுக்களை அரைத்தபோதும் படிந்தன. வைரஸைத் தேடியவரின் கையில் உயிரணுவின் உட்பொருள்கள் அகப்பட்டன. உயிரணுவைக் கூறுகூறாகப் பிரித்தாராயும் முறையும், இலத்திரன் நுண்ணோக்கியில் உயிரணுவைப் பார்க்கும் கலையும் இவ்வழியே வளர்ந்தன. குளோட் 1974இல் நோபல் பரிசு பெற்றார். கோழிக்கட்டியைத் தேடிப்போனவரால் உயிரணு உயிரியல் என்ற துறையே உருவாயிற்று என்பது மிகை அல்ல.

இதனிடையே வைரஸ் என்ற சொல்லைக் கூறவே தயக்கம் நிலவியது. பெண் எலியின் பாலின்வழி குட்டிகளுக்கு மார்புப்புற்று செல்வதை 1936இல் கண்ட ஜான் பிட்னரும் அதைக் 'காரணி' என்றே குறிப்பிட்டுவந்தார். 1951இல் லுட்விக் குரோஸ் பிறந்த உடனே எலிக்குட்டிகளுக்கு வடிநீரைச் செலுத்தி இரத்தப்புற்று உண்டாக்கிய பிறகே எதிர்ப்பு தளர்ந்தது. 1958இல் ஹோவர்டு டெமின், ஹாரி ரூபின் இருவரும் தட்டில் வளரும் உயிரணுக்களில் ரௌஸின் வைரஸ் உண்டாக்கும் மாற்றத்தை எண்ணிக் கணக்கிடும் முறையை அமைத்தனர். பல வாரங்கள் கோழிகளில் காத்திருந்து பார்க்க வேண்டியதைத் தட்டில் சில நாட்களில் எண்ணிவிட முடிந்தது. கட்டுரைகள் பெருகின.

சுட்டியின் வருகை

யூஜின் கார்ஃபீல்டு 1955இல் 'சயன்ஸ்' இதழில் அறிவியல் கட்டுரைகளுக்கு மேற்கோள் சுட்டி ஒன்று வேண்டும் என்று எழுதினார். அமெரிக்க வழக்கறிஞர்கள் ஒரு தீர்ப்பைப் பின்வந்த தீர்ப்புகள் எவ்வாறு கையாண்டன என்று பார்க்கப் பயன்படுத்திய சுட்டியே இதற்கு முன்மாதிரி. 1961ஆம் ஆண்டின் இதழ்களை உள்ளடக்கிய முதல் 'அறிவியல் மேற்கோள் சுட்டி' 1963இல் வெளிவந்தது. ரௌஸின் வைரஸ் பல ஆய்வகங்களுக்குப் பரவிக்கொண்டிருந்த காலம் அது. ஆளை அளப்பது கார்ஃபீல்டின் முதல் நோக்கம் அல்ல. ஒரு கருத்தின் வழித்தடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே நோக்கம். எண்ணிக்கையைத் தரமாகக் கருதக்கூடாது என்று அவரே பின்னர்ப் பலமுறை எச்சரித்தார்.

இதழ்களை அளக்க அவர் உருவாக்கிய தாக்கக் காரணி, ஓர் இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளிவந்த கட்டுரைகளுக்கு நடப்பாண்டில் கிடைத்த மேற்கோள்களை மட்டுமே கணக்கில் கொள்கிறது. இவ்வளவுகோலை 1911க்குக் கொண்டுசென்றால், ரௌஸின் கட்டுரைக்கு 1912, 1913 ஆகிய இரண்டு ஆண்டுகளே வாய்ப்பு. அந்த ஆண்டுகளில்தான் அவரை யாரும் நம்பவில்லை. இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த எச்-சுட்டெண் வேறு வகையானது. ஒருவரின் 30 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 30 முறை எடுத்தாளப்பட்டிருந்தால் அவருடைய எண் 30. சீரான, நீண்ட உழைப்பை இது நன்றாகக் காட்டும். ஆனால் ஒரே ஒரு கட்டுரை எத்தனை ஆயிரம் முறை எடுத்தாளப்பட்டாலும் இக்கணக்கில் அது ஒரு கட்டுரையே. ரௌஸின் வாழ்வில் அந்த ஒரு கட்டுரையின் எடை மற்ற எல்லாவற்றுக்கும் மேலானது.

அவரைக் காத்தது அக்கால ராக்பெல்லர் நிறுவனத்தின் அமைப்பு. நிரந்தரப் பணி இருந்தது. துறைவிட்டுத் துறை மாற அவர் யாருடைய மதிப்பெண்ணையும் எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை. 1945இல் ஓய்வுபெற்ற பின்னும் ஆய்வகத்துக்கு வந்துகொண்டிருந்தார்.

பரிசும் அதன் பின்னும்

ரௌஸின் பெயர் நோபல் பரிசுக்கு முதன்முதலில் பரிந்துரைக்கப்பட்டது 1926இல். அந்த ஆண்டுக்குரிய மருத்துவப் பரிசை டென்மார்க்கின் யோஹன்னஸ் ஃபிபிகர் பெற்றார். எலியின் இரைப்பையில் ஒருவகைப் புழுவால் புற்று உண்டாகிறது என்பது அவருடைய முடிவு. அது பின்னாளில் தவறென்று தெரியவந்தது. ரௌஸுக்கு 1966வரை காத்திருப்பு. சுரப்புநீர்கள்மூலம் முன்னிற்கும் சுரப்பிப் புற்றைக் கட்டுப்படுத்திய சார்லஸ் ஹக்கின்ஸுடன் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அவருடைய மருமகன் ஆலன் ஹாட்ஜ்கின் நரம்பணு ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றுவிட்டிருந்தார்.

நோபல் சொற்பொழிவில் ரௌஸ், உடலணுக்களின் மரபணு மாற்றமே புற்றுக்குக் காரணம் என்ற கொள்கையை உறுதியாக மறுத்தார். ஒருகாலத்தில் தம்மை ஏற்காத துறையைப் போலவே, தமக்குப் பின்வந்த கொள்கையை ஏற்க அவராலும் முடியவில்லை. அந்த மறுப்பை உடைத்தது அவருடைய சொந்த வைரஸ்தான்.

1970 பிப்ரவரி 16 அன்று ரௌஸ் காலமானார். அதே ஆண்டு ஜூனில் டெமினும் சத்தோஷி மிசுதானியும் ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதி ரௌஸ் சார்கோமா வைரஸில் இருப்பதை அறிவித்தனர். டேவிட் பால்டிமோரின் கட்டுரையும் 'நேச்சர்' இதழின் அதே வெளியீட்டில் வந்தது. 1976இல் டொமினிக் ஸ்டெலான், ஹரோல்டு வார்மஸ், மைக்கேல் பிஷப், பீட்டர் வோக்ட் ஆகியோர், அந்த வைரஸில் புற்றை உண்டாக்கும் மரபணுவை ஒத்த மரபணு நலமான கோழி, காடை, வான்கோழி, வாத்து, ஈமு ஆகியவற்றின் உயிரணுக்களிலேயே இருப்பதைக் காட்டினர். வைரஸ் அம்மரபணுவைக் கோழியிடமிருந்தே எடுத்துக்கொண்டிருந்தது. புற்றின் விதை உயிரணுவின் சொந்த மரபணுக்களில் இருக்கிறது என்ற இன்றைய புரிதலுக்கு இதுவே வாயில். வார்மஸும் பிஷப்பும் 1989இல் நோபல் பரிசு பெற்றனர். டெமினின் 1970ஆம் ஆண்டுக் கட்டுரைத் தலைப்பில் ரௌஸின் பெயர் உண்டு. 1976ஆம் ஆண்டுக் கட்டுரைத் தலைப்பில் அது இல்லை. 'பறவைச் சார்கோமா வைரஸ்கள்' என்று மட்டுமே உள்ளது.